பூர்வீக வீட்டைப் புராதனச் சின்னமாக அறிவித்தால் விற்பனை நின்றுவிடுமா?

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையில் இருக்கும் அறுபதைத் தாண்டிய வாசகி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஓர் ஆச்சி' என்று மட்டும் இருக்கிறது. அடையாளங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன பாட்டையா (தாத்தாவின் அப்பா) 1912-ல் கட்டி முடித்த வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பாட்டையாவுக்கு மூன்று மகன்கள். இன்றைக்குப் பங்குதாரர்கள் 19 பேர். அந்த மூன்று மகன்கள் வழி வந்த மூன்று வகையில் இரண்டு வகையினர் மரத்துக்கும் மனைக்குமாக ஒருவரிடம் விலை பேசி வருகிறார்கள். வாசகியின் வகையில் அப்பச்சி (அப்பா) 2011-லும் ஆத்தா (அம்மா) 2019-லும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "தொல்லை தீர்ந்தால் சரி" என்கிறார். சித்தப்பா பிள்ளைகள் இரண்டுங்கெட்டானாக இருக்கிறார்கள். போன ஆவணியில் போனபோது, மூன்றாங்கட்டில் இரண்டு தேக்குத் தூண்களைக் காணோம். அந்த இடத்தில் தைலமரக் கம்புகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர் கேட்பது இவை. "1986-ல் சீர் செய்து கட்டிக்கொடுத்த பெண் நான். பங்கில்லாத நான் அரசுக்கு மனுப் போடலாமா? வீட்டைப் புராதனச் சின்னமாக அறிவித்தால் விற்க முடியாது என்கிறார்கள், நிஜமா? அரசு எடுத்துக்கொண்டு விடுமா? எங்கள் வட்டாரமே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதாமே, அது உதவாதா? 14 வருஷமாக வரி கட்டியதும் இரண்டு முறை ஓடு மாற்றியதும் நான்தான். அதற்கு மதிப்பில்லையா?"

ஆச்சி, உங்கள் கடிதத்தோடு வந்த புகைப்படங்களில் அந்தத் தைலமரக் கம்பு படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்புக்கு மேலே, தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை அப்படியே உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தூணைக் கழற்றியவருக்கு அவசரம். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்தான். அதனால் உங்களுக்கும் நாள் குறைவு. ஆறுதலைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

உங்களுக்குப் பங்கு உண்டு

'பங்கில்லாத நான்' என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்கும் தவறு. 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் திருத்தம் வந்தபோது, அதற்கு முன்பே திருமணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 1986-ல் மணமான உங்கள் காதில் அந்தக் காலத்துப் பேச்சுதான் இன்னும் நிற்கிறது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்பதை வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. வைரத்தோடும் வெள்ளிப் பாத்திரமும் சீராக வந்தன என்பதற்காகச் சொத்துரிமை போய்விடாது.

கணக்கும் போட்டுவிடுவோம். மூன்று வகையில் உங்கள் வகைக்கு 3-ல் 1. அதில் அப்பச்சிக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு 6-ல் 1. உயில் இல்லாமல் அப்பச்சியும் பிறகு ஆத்தாவும் போனபின் இருப்பது நீங்களும் தம்பியும்தான். இதைக் கூட்டுக்குடும்பச் சொத்தாக எடுத்தாலும் சரி, அப்பச்சியின் தனிப் பங்காக எடுத்தாலும் சரி, உங்களுக்கு வருவது 12-ல் 1. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுத்து நீங்களே கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரமோ இருந்தால் மட்டும் கணக்கு மாறும். திருமணத்தின்போது ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்கும்.

12-ல் 1 என்பது சின்னப் பங்கு. ஆனால் நீதிமன்றப் படியேற அது போதும். கூட்டுச் சொத்தை இடிக்கவோ, அதன் உறுப்புகளைக் கழற்றி விற்கவோ ஒரு பங்குதாரருக்கு மற்றவர் சம்மதம் இல்லாமல் அதிகாரம் இல்லை. அதைத் தடுக்கத் தடையாணை கேட்கும் உரிமை மிகச் சின்னப் பங்குக்காரருக்கும் உண்டு.

இதே சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 14 வருஷம் வரி கட்டியதால் வீடு உங்களுக்குக் கூடுதலாகச் சொந்தமாகிவிடவில்லை. வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லாப் பங்குதாரருக்குமான அனுபவம் என்பதுதான் சட்டத்தின் பார்வை. ஆனால் கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். ஓடு மாற்றியதற்குக் கொத்தனார் எழுதிக்கொடுத்த சிட்டை இருக்கிறது என்கிறீர்களே, அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

எந்தப் பட்டியல், என்ன பலம்

'புராதனச் சின்னம்' என்று ஊரில் சொல்வது மூன்று நான்கு வேறு வேறு சங்கதிகளை. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மனுக்கள் தவறான மேசையில் போய்த் தூங்குகின்றன.

யுனெஸ்கோ. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் அதன் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. பின்னாளில் உலகப் பாரம்பரியச் சின்னமாக முன்மொழியலாம் என்று இந்திய அரசு கொடுத்து வைத்திருக்கும் பெயர்கள்தான் அவை. உங்கள் வீட்டு ஓட்டில் ஒன்றைக்கூட அது காப்பாற்றாது. பத்துப் பைசாவும் தராது. நாளைக்கே முழு அங்கீகாரம் கிடைத்தாலும், காப்பது இந்தியச் சட்டமாகத்தான் இருக்கவேண்டும்.

இன்டாக். கலை, பண்பாட்டு மரபைக் காக்க 1984-ல் தொடங்கிய, அரசு சாராத அமைப்பு. நல்ல ஆவணப்படுத்தல் செய்கிறார்கள், தரம் பிரிக்கிறார்கள். அவர்கள் பட்டியலில் இடம்பெறுவது நீதிமன்றத்தில் சாட்சியமாக உதவும். ஆனால் அது சட்டப் பாதுகாப்பு ஆகாது. சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கவிடாமல் இன்டாக் வழக்குப் போட்டு 2010-ல் தீர்ப்பு வாங்கியதை எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அது பெருநகரத் திட்ட விதிகளின் எல்லைக்குள் நின்ற கட்டடம். அந்த விதிகள் உங்கள் ஊராட்சிக்கு வராது.

தொல்லியல் சட்டங்கள். மத்திய அரசுக்கு 1958-ம் ஆண்டுச் சட்டம், மாநிலத்துக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நூறு வயதைக் கடந்த வீடு என்பதால் உங்கள் வீடும் தகுதிக்குள் வரலாம். ஆனால் நடைமுறையில் கோயில், கோட்டை, குகை என்றுதான் இந்தப் பட்டியல் வளர்ந்திருக்கிறது. அரசு காக்கும் வீடுகளைப் பாருங்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு, எல்லாம் அங்கே பிறந்த ஆளுக்காகக் காக்கப்படுபவை. உங்கள் பாட்டையா நல்லவர். வட்டிக்கணக்கு நேராக எழுதியவர் என்றும் சொல்கிறீர்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. கும்பகோணத்தில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டையே 2003-ல் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வாங்கித்தான் நினைவில்லம் ஆக்கியது.

இந்த இடத்தில் உங்கள் பங்காளி ஒருவர் கிளப்பிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "சின்னமாக அறிவித்தால் சுற்றி 100 மீட்டருக்குள் யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது, ஊரே நம்மைத் திட்டும்" என்றாராம். அந்த 100 மீட்டர் தடை, 2010 திருத்தத்தால், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு. உங்கள் வீடு அந்தப் பட்டியலுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு.

கடைசியாக, ஹெரிட்டேஜ் கமிஷன் சட்டம். தமிழ்நாடு சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றிய இது, பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்து அண்மையில்தான் நடைமுறைக்கு வந்தது. தொல்லியல் துறைகளின் வரம்பில் வராத மரபுக் கட்டடங்களுக்கென்றே வந்த சட்டம் என்பதால் உங்களுக்குப் பொருத்தமான கதவு இதுதான். கமிஷன் பரிந்துரைத்து அரசு அறிவிக்கை செய்துவிட்டால், இடிக்கவும் மாற்றவும் முன் அனுமதி வேண்டும். அறிவிக்கை வராத வரை சட்டம் அந்த வீட்டைத் தொடாது.

மனு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பங்குதாரரான நீங்கள் கொடுத்தால் எடை கூடும். ஆனால் மற்ற 18 பேரில் பெரும்பாலோர் ஆட்சேபம் எழுதினால், அதிகாரியின் கை தயங்கும். இது சட்டப் புத்தகத்தில் இல்லை. என் முப்பது வருஷ அனுபவத்தில் இருக்கிறது.

இன்னும் ஒன்று. அறிவிப்பு வந்தாலும் வீடு உங்கள் குடும்பத்துடையதுதான். அரசு எடுத்துக்கொள்வதென்றால் அதற்குத் தனியாகக் கையகப்படுத்தவேண்டும், இழப்பீடு தரவேண்டும். அதனால்தான் விற்பனையும் நிற்காது. அறிவிக்கப்பட்ட வீட்டையும் விற்கலாம். வாங்குபவர் இடிக்க முடியாது, அவ்வளவே. மரத்துக்காக வருபவர் விலகிவிடுவார் என்பது உங்களுக்கு ஆதாயம். ஆனால் எந்தச் சட்டமும் ஒழுகும் ஓட்டை மாற்றித் தராது. இடிக்க அனுமதி கிடைக்காத பங்குதாரர்கள் மழையிடம் அந்த வேலையை விட்டுவிட்டுப் போன வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் நான்கு ஓடு நகர்ந்தால் போதும். தண்ணீர் உத்திரத்தின் முனையில் இறங்கும், முனை மக்கும், ஐந்தாம் வருஷம் பட்டாலைக் கூரை உட்காரும். யார் மீதும் வழக்கு வராது.

போன தூண்கள், இருக்கும் கதவுகள்

காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் மேட்டர்ங்க" என்று அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இருந்தாலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்தத் தேதியில் என்ன காணோம் என்பதற்கு அது சாட்சி.

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. நூறு ஆண்டு கடந்த கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் தொல்பொருள்தான். அதை வியாபாரமாக விற்பவர் உரிமம் வைத்திருக்கவேண்டும். தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. 1912 வீடு அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் பங்காளிக்கு மட்டும் போதாது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எதற்குத் தூண்கள் போயின என்று தெரிந்தால் அந்தக் கடைக்கும் ஒரு நகல் போகட்டும். பங்குத் தகராறு உள்ள சொத்து என்று எழுத்தில் தெரிந்தபிறகு அடுத்த தூணுக்கு அவ்வளவு சுலபமாகக் கைநீட்டமாட்டார்கள்.

அதற்கு முன் ஒரு முழு நாள் ஒதுக்கி வீட்டைப் படம் எடுங்கள். முகப்பு நிலையில் கஜலட்சுமி செதுக்கல், வளவுத் தூண்கள் ஒவ்வொன்றும், இரட்டை வீட்டுக் கதவுகள், பூட்டு, தாழ்ப்பாள், முற்றத்து மழைநீரை இறக்கும் குழாய்கள் வரை. படத்தில் அன்றைய நாளிதழ் தெரியட்டும். எத்தனை தூண், எத்தனை கதவு என்று ஒரு நோட்டில் எழுதி, உள்ளூர்க்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஹெரிட்டேஜ் மனுவுக்கும் தடையாணைக்கும் இந்த ஒரே நோட்டுப் பயன்படும்.

பாகப்பிரிவினை வழக்கு வேண்டாம் என்பது ஏன்

உங்கள் மருமகன் "பார்ட்டிஷன் சூட் போடுங்க அத்தை, தானா வழிக்கு வருவாங்க" என்றாராம். அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஆனால் இந்த வீட்டுக்கு அது விஷம்.

பல வருஷங்களுக்கு முன் இதே மாவட்டத்தில் ஒரு பாக வழக்கில் நீதிமன்றம் என்னை வழக்கறிஞர் ஆணையராகப் போட்டது. சர்வேயரோடு போய் வீட்டை அளந்தோம். வளவுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனோம். ஒரு கோடு சரியாக ஒரு கருங்கல் தூணின் நடுவே ஏறியது. தூண் யாருக்கு என்று இரண்டு தரப்பும் அரைமணி நேரம் சண்டை. கடைசியில் சர்வேயர், "சார், தூணைச் சுத்தி எழுதிக்கங்க" என்றார். நானும் எழுதினேன். அறிக்கை போனது. இப்படிப் பிரிக்க முடியாது என்று முடிவாகி வீடு ஏலத்துக்குப் போனது. அடுத்த வருஷம் அந்தத் தெரு வழியாகப் போனபோது திண்ணைக் கல் வரிசை மட்டும் இருந்தது. சாக்பீஸ் பிடித்த கை என்னுடையது என்பதால், இந்த ஆலோசனையில் கொஞ்சம் என் சொந்தப் பாரமும் கலந்திருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இப்படி வேலை செய்கிறது. 1893-ம் ஆண்டுப் பாகச் சட்டத்தின் 2-ம் பிரிவின்படி, சொத்தை நியாயமாகப் பிரிக்க முடியாதென்றால், பாதிக்குக் குறையாத பங்குக்காரர்கள் கேட்டுக்கொண்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். உங்கள் எதிர்த்தரப்பு இரண்டு வகை, அதாவது 3-ல் 2 பங்கு. நீங்கள் வழக்குப் போட்டால் அந்த வாய்ப்பை அவர்கள் கையில் நீங்களே கொடுக்கிறீர்கள். 3-ம் பிரிவின்படி மதிப்பிட்ட விலைக்கு அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பணம் இருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்கமாட்டீர்கள்.

ஆகவே தடையாணை வழக்கு மட்டும், அதுவும் இடிப்பதையும் கழற்றுவதையும் தடுக்கும் அளவுக்கு மட்டும். அதிலும் எதிர்த்தரப்பு பதிலுக்குப் பாகம் கேட்கலாம் என்பதை மனதில் வைத்தே போகவேண்டும்.

அவர்கள் தங்கள் பங்கை மட்டும் வெளியாருக்குக் கிரயம் செய்துவிட்டால்? உங்களுக்கு இரண்டு கவசம் உண்டு. சொத்து மாற்றச் சட்டம் 44-ம் பிரிவின்படி, பிரியாத குடும்பத்துக் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் உள்ளே வந்து கூட அமர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், பாகச் சட்டம் 4-ம் பிரிவின்படி அந்தப் பங்கை நீதிமன்ற மதிப்பில் குடும்பத்தார் வாங்கிக்கொள்ளலாம். 'பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருப்பு வீடு அல்ல' என்று வாதம் வரும். வருஷா வருஷம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குக் குடும்பம் கூடுகிறது என்பது உங்கள் பதில். படைப்புப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

தம்பியிலிருந்து தொடங்குங்கள்

வழியில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பவர் அவர். "தொல்லை தீர்ந்தால் சரி" என்பவரிடம், தொல்லையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய 12-ல் 1 விடுதலைப் பத்திரமாக உங்களுக்கு வந்தால் 6-ல் 1 ஆகிறது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு. விலை வேண்டும் என்றாலும், அப்பச்சி வழியாக வந்த பங்கை அவர் வெளியாருக்கு விற்குமுன் உங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ம் பிரிவு.

பிறகு சித்தப்பா பிள்ளைகள். அவர்களிடம் பாரம்பரியம், பெருமை என்று பேசவேண்டாம். மாதம் என்ன வரும் என்று பேசுங்கள். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், காரைக்குடி என்று விடுதியாகிய வீடுகளை அவர்கள் பார்த்திருப்பார்கள். 1950-க்கு முன் கட்டி, குறைந்தது ஐந்து அறை இருந்தால் மத்தியச் சுற்றுலாத் துறையின் ஹெரிட்டேஜ் ஓட்டல் வகைக்கு விண்ணப்பிக்கலாம். முன்கட்டைக் குத்தகைக்கு விட்டு, வளவையும் படைப்பு அறையையும் குடும்பத்துக்கு வைத்துக்கொள்வது ஒரு வழி. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திடவேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம். எல்லோருடைய வீடும் ஓட்டலாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேருந்துச் சாலையிலிருந்து உங்கள் ஊர் எட்டு கிலோமீட்டர்.

உங்கள் வகை 3-ல் 1 முழுதாக ஒன்றுசேர்ந்தால், மற்ற இரண்டு வகையில் ஒருவர் இருவர் கரைவார்கள். எதிர்த்தரப்பு பாதிக்குக் கீழே இறங்கும் நாளில் விற்கக் கேட்கும் அந்த 2-ம் பிரிவு அவர்கள் கையிலிருந்து போகும். ஹெரிட்டேஜ் மனுவை இப்போதே கொடுத்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பலம் வரும் நாளும் அதுதான்.

எதுவும் நடக்காமல் வீடு போயே தீரும் என்ற நிலை வந்தால், துண்டு துண்டாகக் கடைக்குப் போவதைவிட முழுதாகப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்துவது மேல். முட்டுக்காட்டில் தட்சிணசித்திராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு அப்படிப் போனதுதான். இப்போதைக்கு அதை யாரிடமும் பேசவேண்டாம். பேசினால் பேரத்துக்குத் தயார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, வில்லங்கச் சான்றும் எடுத்துக்கொண்டு உள்ளூர்ச் சிவில் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். பத்திரங்களைப் பார்க்காமல் நான் சொன்னதில் அவர் திருத்தம் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மாசியில் படைப்புக்கு எல்லோரும் கூடுகிறார்கள் என்கிறீர்கள். தம்பியின் விடுதலைப் பத்திரமும் அந்த நோட்டும் அதற்குமுன் கையில் இருக்கட்டும். கொத்தனாரை ஐப்பசிக்கு முன்பே கூடல்வாய்க்கு ஏற்றிவிடுங்கள். ஏழு பக்கத்தில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மூன்றாங்கட்டுப் பின்வாசல் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? தூண்கள் அந்த வழியாகத்தான் போயிருக்கும்.